மெம்பர் வீட்டு வாசலில் முடிந்த சாக்கடை

சேசு மரி சூசை துணை

சவேரியார்புரம்
9-2-1941

அருமை மகள் மரிய செல்விக்கு உன் அம்மா ஆசையோடு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அப்பாவும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் சவரிமுத்துவும் அந்த மலைக்குளிரில் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலையைத் தொடும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, கையில் அகப்பட்டதை எல்லாம் கடிக்கிறான் என்று எழுதியிருந்தாய், கடிக்கட்டும், நீ அந்த வயதில் ஆசீர்வாதம் கொடுக்கவந்த சுவாமியாரின் விரலையே கடித்தவள். வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் பயப்படாமல் மாதுளம் ஓட்டைக் கொதிக்கவைத்துக் கொடு. கம்பளிச் சட்டையைக் கழற்றிப்போடுகிறான் என்று அப்படியே விட்டுவிடாதே. அப்பா ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை ஆத்தா, அவர் முனிசிபல் மெம்பர் ஆகிவிட்டார். அவர் எழுதியிருந்தால் உனக்கு “மேற்படி விஷயமாகத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்” என்றுதான் வந்திருக்கும். அதனால் நடந்ததை எல்லாம் நானே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்து படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது நம் சவேரியார்புரம் ஊருக்கு வெளியே கிடந்த ஒரு பேட்டைதானே. மழை பெய்தால் தெருத்தண்ணீர் யாரையும் கேட்காமல் வண்டித்தடத்தைத் தாண்டிக் கண்மாய்க்குப் போய்விடும். உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. தாலுகா கச்சேரியில் ரைட்டராக இருந்து ரிட்டயரான மனுஷன், பேனாவில் மை இருந்தால் யாருக்காவது விண்ணப்பம் போடாமல் இருக்கமுடியாது. நம்மையும் நகர எல்லைக்குள் சேர்த்து நகரத்து வசதிகள் எல்லாம் செய்து தரவேண்டும் என்று மனுமேல் மனுவாக எழுதினார். சேர்த்தார்கள். முதலில் வரி வந்தது. பிறகு விளக்குக் கம்பம் வந்தது, அதற்கு வெகுநாள் கழித்து விளக்கு வந்தது, எண்ணெய் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கம்பம் ஆடு கட்டுவதற்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது. அப்புறம் அந்த வண்டித்தடத்தில் மண்ணும் சரளையும் கொட்டி, ஆள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, நல்ல சாலையாகப் போட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் புகழ்கிறார்கள். தெருத்தண்ணீர் எப்படிக் கண்மாய்க்குப் போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அது எங்கள் தெரு முனையில் வந்து சாலையைப் பார்த்துக்கொண்டே நிற்க ஆரம்பித்தது.

இந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. நம் பக்கத்து விறகுக்கடை முத்துராமன் நிற்பதாக இருந்தார், ஊரும் அவருக்குத்தான் என்று பேச்சு. ஆனால் அவர் அந்த வருஷத்து வரி கட்டவில்லை, அதனால் மனு செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்து எழுதிப்போட்டது யார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. போட்டியில்லாமல் உன் அப்பா மெம்பர். அன்றிலிருந்து முத்துராமன் நம் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை, நமக்கு விறகு கொடுப்பதும் இல்லை. பக்கத்து வாசலில் மலையாக அடுக்கிவைத்திருக்கும் விறகைப் பார்த்துக்கொண்டே நான் கடைத்தெருவிலிருந்து விறகு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மெம்பர் ஆனதும் வீட்டில் நிம்மதியாகக் கஞ்சி குடிக்கமுடியவில்லை. நாய் கடித்தால் மெம்பர், கிணற்றில் வாளி விழுந்தால் மெம்பர். நம் வார்டுக்கும் அடுத்த வார்டுக்கும் நடுவில் ஒரு கழுதை செத்துப்போனது, தலை அவர்கள் பக்கம், மற்றதெல்லாம் நம் பக்கம். எடுக்கவேண்டியது யார் என்று இரண்டு மெம்பர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பேசினார்கள். பேசி முடிவதற்குள் கழுதைக்காரனே வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அதை உன் அப்பா தாம் சாதித்த முதல் காரியமாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

இரண்டாவது காரியம் சாக்கடை. தெரு முனையில் தண்ணீர் நிற்கிறதே, அதற்கு நல்ல சிமெண்டுச் சாக்கடை கட்டிச் சாலைக்கு அடியில் கொண்டுபோய்க் கண்மாயில் விடவேண்டும் என்று மனு எழுதினார். எழுதியதை ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்கு வாசித்தும் காட்டினார். இது நல்ல காரியம்தான் என்று நானும் சொன்னேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆச்சரியமாக அந்த மனு சாங்ஷனும் ஆகிவிட்டது. ஆத்மநாதன் என்று ஒரு ஓவர்சீயர் வந்தார், சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. கயிறு பிடித்து, முளை அடித்து, முளைக்கு முளை சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். கோடு நேராக வந்து எதிர்வீட்டு ஆரோக்கியம்மாளின் ஆப்பக் கொட்டகைக்குள் நுழைந்து அடுப்பைத் தாண்டிப் போனது.

ஆரோக்கியம்மாளை நீ மறந்திருக்கமாட்டாய், நீ போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் வாழையிலையில் ஆப்பம் கட்டிக் கையில் திணித்தவள். புருஷன் போனபின் வீட்டுச் சுவரோடு சாய்த்து அந்தக் கொட்டகையைப் போட்டுத்தான் பிழைக்கிறாள். அந்த இடம் தெருப் புறம்போக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் அவள் முந்தானையில் ஒரு காகிதத்தை முடிந்துகொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். முனிசிபாலிட்டி ஆள் கொடுத்துவிட்டுப் போனானாம், தனக்கு எழுத்துத் தெரியாது, மெம்பரே படித்துச் சொன்னால் தேவலை என்றாள். உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார், பொதுஜன சுகாதாரத்துக்கும் போக்குவரத்துக்கும் இடையூறாக உள்ள ஆக்கிரமிப்புகளை உடனடியாக அகற்றி, என்று பாதி படித்ததும் குரல் தேய்ந்துபோனது. அது அவருடைய சொந்த வாக்கியம். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு வாசித்துக் காட்டினாரே, அதில் இருந்த அதே வரி. மனு என்றால் அப்படி ஒரு வரி இருக்கவேண்டும் என்று வழக்கமாக எழுதிவைத்ததை, ஆபீஸில் அப்படியே எடுத்து நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். ஆரோக்கியம்மாள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஆக்கிரமிப்புன்னா என்னதுங்கய்யா?” என்றாள். எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்லுகிறவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். நான் கதவோரம் நின்று என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “அது ஒண்ணுமில்ல ஆரோக்கியம், ஆபீஸ்ல பேசுற பேச்சு. நான் பாத்துக்கிறேன், நீ போயி அடுப்பப் பாரு” என்றார். மெம்பரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னபிறகு அவளுக்கு என்ன கவலை, நிம்மதியாகப் போய்விட்டாள். இவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஓவர்சீயரைப் பிடித்துப் பேசினார். தெரு ஒடுங்கல், சாக்கடை ஒரு பக்கம்தான் போகமுடியும், அவள் பக்கம் வேண்டாம் என்றால் உங்கள் பக்கம்தான் வரும், உங்கள் வாசல் படி போய்விடுமே என்று அவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் உன் அப்பா அடுப்படிக்கு வந்தார். அவர் அடுப்படிக்கு வந்து நான் பார்த்ததில்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே கேட்கிறவர். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, நம் படியை எடுத்துவிட்டால் வீடு என்ன கீழே விழுந்துவிடுமா என்று கேட்டார். வீடு விழாது, ஆள்தான் விழும் என்றேன். நான் அதோடு நிறுத்தினால் சரி என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். நீ உட்கார்ந்து கழச்சிக்காய் ஆடுவாயே, அந்தக் கருங்கல் படிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். பிச்சிப்பூப் பந்தலும் போனது. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. ஆனால் ஆரோக்கியம்மாளுக்கு இது ஒன்றும் தெரியாது. மெம்பர் வீட்டுக்கு வசதியாகச் சாக்கடையை அவர்கள் பக்கமே கொண்டுபோய்விட்டார்கள், செல்வாக்கு என்றால் இதுதான் என்று ஆப்பம் வாங்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருவின் மேல் முனையிலிருந்து சாக்கடையை அழகாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழ்முனையில் இருக்கும் நம் வாசல்வரை வந்தது, அங்கே நின்றது. சிமெண்டு எல்லாம் சண்டைக்குப் போகிறது, சாலைக்கு அடியில் போடவேண்டியதை வரும் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொத்தனார்கள் சட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். ஐப்பசி மழை அதற்கெல்லாம் காத்திருக்குமா. முன்பெல்லாம் தெருத்தண்ணீர் அங்கங்கே நின்று ஊறியாவது போகும். இப்போது நல்ல வழவழப்பான சாக்கடை இருக்கிறது அல்லவா, மேல்தெருத் தண்ணீர் முழுவதும் ஒரு சொட்டு வீணாகாமல் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஒதுங்க இடமில்லாமல் தெருவை நிரப்பி எதிர்ப்பக்கம் ஏறி ஆரோக்கியம்மாளின் அடுப்பையும் அணைத்தது. எந்த அடுப்புக்காக நம் படியைக் கொடுத்தோமோ அந்த அடுப்பு. முத்துராமனின் விறகுக் குவியலும் அடியில் நனைந்து காளான் பூத்தது. கொசு என்றால் அப்படி ஒரு கொசு, செபம் சொல்ல வாய் திறக்கமுடியவில்லை. உன் அப்பா முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினார். தாம் மெம்பராக இருக்கும் சபைக்குத் தாமே எழுதிய மனு பரிசீலனையில் இருக்கிறது என்று தமக்கே பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் சானிடரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வீட்டு வாசலில் தண்ணீரைத் தேங்கவைத்துக் கொசு வளர்த்ததாக நமக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். மெம்பர் என்றும் பாராமல் கடமையைச் செய்கிறான் என்று உன் அப்பா அவரை மெச்சினார். எனக்கு அப்போது வந்த கோபத்தைக் கடிதத்தில் எழுதக்கூடாது.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. ஆரோக்கியம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வேறு, விட்டு விட்டு நடுக்கிக்கொண்டு வரும், நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்பு பற்றவைத்து ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் ஆப்பச்சட்டியையும் ஆட்டுக்கல் குழவியையும் சாக்கில் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து நின்றாள். மணமேல்குடியில் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். தம்பி பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். உன் அப்பாவைப் பார்த்து, “நீங்க எனக்காக எம்புட்டோ செஞ்சீங்கய்யா, என் நேரம் இப்பிடி” என்று கும்பிட்டாள். வேறு எதையாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார், மண்வெட்டியோடு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீருக்குள் இறங்கி நடந்து சாலைமேல் ஏறி, ஊர் பார்க்க, பட்டப்பகலில், முனிசிபாலிட்டியின் புதுச் சாலையை வெட்ட ஆரம்பித்தார்.

பேனா பிடித்த கை, சரளை எங்கே இடம் கொடுக்கும். நாலு கொத்து கொத்தி மூச்சு வாங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தெருச்சனம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. அப்போது விறகுக்கடை முத்துராமன் கடப்பாரையோடு வெளியே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சாலைமேல் ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்று, “அங்கிட்டு வெட்டாதீங்க ரைட்டரய்யா, இங்கிட்டுதான் சரிவு” என்றார். தேர்தலுக்குப்பின் அவர் நம்மோடு பேசிய முதல் பேச்சு அதுதான். உன் அப்பா சரி என்று நகர்ந்துகொண்டார். முத்துராமன் வந்தது அன்பினால் அல்ல, விறகு நனைகிறதே என்றுதான், அதை அவரே பிறகு சொன்னார். வந்தது வந்ததுதானே. மத்தியானத்துக்குள் வெட்டு ஆழமாகி, தண்ணீர் ஒரு சத்தத்தோடு அதைப் பிய்த்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பாய்ந்தது. சாயங்காலம் எங்கள் தெரு தரை தெரிந்தது. ஆரோக்கியம்மாளின் சாக்குமூட்டையை நான் தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

சாலை என்றால் ஆபீஸுக்கு உடனே கண் தெரிந்துவிடும். பஸ் அந்தப்பக்கமே நின்றுவிட்டது, அறந்தாங்கி போகிறவர்கள் மூட்டையோடு இறங்கிக் குழியைத் தாண்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே மீட்டிங் போட்டார்கள். என்ன நடந்தது என்று உன் அப்பா வாயால் நான் கேட்கவில்லை, பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவருக்கு முன்னால் ஓடிவந்த முத்துராமன்தான் கொல்லை வேலியோரம் நின்று சொன்னார். ஆபீஸ் ரிப்போர்ட்டை வாசித்தார்களாம். அதில், அடையாளம் தெரியாத சிலர் சாலையை வெட்டியிருக்கிறார்கள், எதிரே ஆக்கிரமித்து ஆப்பக்கடை வைத்திருக்கும் பெண்பிள்ளையின் தூண்டுதலாக இருக்கலாம், அவளை உடனே அப்புறப்படுத்தவேண்டும் என்று எழுதியிருந்ததாம். தெருவே பார்க்க வெட்டியது யார் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். சேர்மனுக்கும் தெரியும். ஒரு மெம்பரைக் குற்றவாளியாக்குவதைவிட ஒரு ஆப்பக்காரியை ஆக்குவது சபைக்குக் கௌரவம் அல்லவா. இதைப்பற்றி வார்டு மெம்பர் மைக்கேல்சாமிக்கு ஆட்சேபம் இல்லையே என்று சேர்மன் சிரித்துக்கொண்டே கேட்டாராம். உன் அப்பா எழுந்து, “வெட்டினது நான். அந்தப் பொம்பளைக்கு இதுல சம்பந்தமில்ல. ரிப்போர்ட்டத் திருத்தி எழுதுங்க” என்றாராம். அப்படியென்றால் வார்டு மெம்பரைக் கண்டித்து அபராதம் போடவேண்டி வருமே, யாராவது ஆதரிக்கிறீர்களா என்று சேர்மன் கேட்க, ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. “மொதல்ல தூக்கின கை ஒங்க வீட்டுக்காரரு கைதாங்கக்கா. அவரு தூக்கினப்புறந்தான் மத்தவங்க தூக்குனாங்க” என்றார் முத்துராமன். வேலிக்கம்பு ஒன்றைப் பிய்த்தார். பிறகு, “என் பேரைச் சொல்லவே இல்லக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் அப்பா பொழுது சாய வந்தார். மீட்டிங் நல்லபடியாக முடிந்தது என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதே என்று மீமிசலிலிருந்து வந்த மீன் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்த துண்டங்களையும் சேர்த்து அவர் தட்டில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குச் சங்கதி தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நம் கொல்லையில் ஒரு வண்டி விறகு, காய்ந்த கருவேலம் விறகு, இறக்கிக் கிடந்தது.

இனி நடந்ததைக் கேள். புதிதாகச் சாக்கடை கட்டத்தான் பணமும் சிமெண்டும் இல்லை, கெட்டுப்போன சாலையை ரிப்பேர் செய்யப் பணம் எப்போதும் உண்டாம். வெட்டின இடத்தை மண்ணால் மூடினால் திரும்ப அரித்துவிடும், அதனால் கல் கட்டி மேலே பலகைக்கல் போட்டு மூடுவதுதான் சரியான ரிப்பேர் என்று ஓவர்சீயர் ஆத்மநாதன் எழுதிக்கொடுத்தார். கருங்கல்லுக்கு நம் சீமையில் பஞ்சமா, நார்த்தாமலைப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்தது. பொங்கல் கழிந்ததும் பாலம் முடிந்துவிட்டது, தண்ணீர் சாலைக்கு அடியில் கண்மாய்க்குப் போகிறது. கல்லிலேயே கட்டலாம் என்றால் முதலிலேயே கட்டியிருக்கலாமே தம்பி என்று ஓவர்சீயரிடம் கேட்டேன். யாரும் கேட்கவில்லையே அம்மா என்றார். ஆரோக்கியம்மாள் தேறிவிட்டாள், ஆப்பம் சுடுகிறாள், அந்த இடத்துக்குத் தரைவாடகை போட்டு முனிசிபாலிட்டியே ரசீது கொடுக்கிறது. மெம்பர் செல்வாக்கு என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாங்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை. அடுத்த தேர்தலில் முத்துராமன்தான் நிற்கவேண்டும் என்று உன் அப்பா முடிவு செய்துவிட்டார். வரி கட்டிவிட்டாரா என்று மாதத்துக்கு ஒருதடவை போய் விசாரித்துவிட்டு வருகிறார், அந்த மனுஷன்தான் பாவம், மறுபடியும் கதவைச் சாத்த ஆரம்பித்திருக்கிறார்.

பாஸ்குத் திருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தாய், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிறதா என்று முன்கூட்டியே எழுது. வாசலுக்கு இன்னும் படி கட்டவில்லை, அதற்கு முனிசிபாலிட்டியில் அனுமதி கேட்டு உன் அப்பா மனுப் போட்டிருக்கிறார். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் அவசரப்பட்டுத் தாண்டாதே, பிள்ளையை முதலில் என் கையில் கொடு. சர்வேசுரன் உங்கள் மூன்று பேரையும் தம் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைபட்ட சட்டி என்றும் நிறைந்திருக்கட்டும். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம், அப்பாவுக்கு எழுதும்போது மட்டும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன்னைப் பார்க்க நாள் எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
ஜெபமாலையம்மாள்